ஆறாவது பெட்டி

கயித்தான் வாஸ் ரிசீவர் வாங்கப் போன அன்றைக்கு, அவர் மகன் ரொமால்டு கடலில் காணாமல் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவன் கொண்டுவந்து வைத்த ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகளும் அந்தப் பதினோரு மாதமும் முன்னறையில் பழைய படுக்கை விரிப்புகளைப் போர்த்திக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்து எழுந்து போக மறந்துவிட்ட சொந்தக்காரர்களைப் போல உட்கார்ந்திருந்தன.

கயித்தான் தூத்துக்குடித் தோணிகளில் முப்பத்தெட்டு வருசம் தண்டலாக இருந்தவர். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். அவன் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் விழுந்ததுதான், அதைத் திரும்ப எடுக்கிற பழக்கம் கடலில் கிடையாது. பாயை இறக்கு என்று சொல்லிவிட்டு உடனே இல்லை ஏற்று என்று சொல்கிறவனை எட்டுப் பேர் நம்பிக் கயிறு பிடிக்கமாட்டார்கள். கரைக்கு வந்த பிறகும் அவர் அப்படியேதான் இருந்தார். நாலு சொல் வேண்டிய இடத்தில் ஒன்று சொல்வார், சொன்னதை மாற்றமாட்டார்.

அவர்கள் குடியிருந்த நங்கூரத் தெருவுக்கும் ஒரு பழக்கம் உண்டு. கடல் நடை போய்த் திரும்புகிறவன் வெறுங்கையோடு வீட்டுப் படி ஏறக்கூடாது. மாலத்தீவிலிருந்து ஒரு டின் மீனோ, ஒரு பிஸ்கட் டப்பாவோ, எதுவும் வாய்க்கவில்லை என்றால் வருகிற வழியில் உப்பளத்தில் குனிந்து ஒரு பிடி உப்போ, எதையாவது கையில் வைத்துக்கொண்டுதான் ஏறவேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, யாரும் மீறியதும் இல்லை.

ரொமால்டு கொண்டுவந்தது ஐந்து பெட்டி. மாலேயில் ஒரு ஹோட்டல்காரன் தன் சினிமா அறையைக் கலைத்தபோது பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, வெங்காய மூட்டைகள் இறங்கிய இடத்தில் ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, கடல் தண்ணீர் படாமல் குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தான். முன்னால் நிற்க இரண்டு, நடுவில் ஒன்று, நாற்காலிக்கு முதுகுப் பக்கம் இரண்டு என்று அம்மா இஞ்ஞாசிக்குக் காட்டிக் காட்டி வைத்தான்.

"படத்துல மழை பேஞ்சா நம்ம தலைக்குப் பின்னால பேயும்மா" என்றான்.

இஞ்ஞாசி அம்மாள் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

"பாட வையி" என்றார் கயித்தான்.

"ஆம்ப் இல்லப்பா. அது தனியா வாங்கணும். அடுத்த நடையில கொண்டாறேன்."

வாசலில் தெருவே கூடி நின்றது. ஐந்து பெட்டி, ஒரு சத்தம் இல்லை. யாரோ சிரித்தார்கள். கயித்தானுக்குச் சுருக்கென்றது.

"ஆம்ப் இல்லாத பெட்டி அஞ்சு சவப்பெட்டிக்குச் சமானம். அதக் கொண்டுவராம இந்தப் படி ஏறாதல."

ரொமால்டுவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, கிறிஸ்துமஸுக்குள் இன்னொரு நடை போய் வந்துவிடலாம் என்று நாலாம் நாள் ஸ்டெல்லா தோணியில் ஏறினான். அவனையும் சேர்த்து ஒன்பது பேர். மாலேக்கு ஒரு நாள் ஓட்டம் மிச்சம் இருக்கும்போது காற்று திரும்பியது என்று பிற்பாடு சொன்னார்கள். தோணி வரவில்லை, ஒன்பது பேரும் வரவில்லை, ஒரு பலகைகூட வரவில்லை. கயித்தானுக்குக் காற்றைப் பற்றி எல்லாம் தெரியும், ஆனாலும் அவர் காற்றைக் குறை சொல்லவில்லை. எந்தச் சொல் அவனைத் தோணியில் ஏற்றியது என்று அவருக்குத் தெரியும்.

பதினோராம் மாதம், நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஒரு பெட்டியின் அடியில் கரையான் ஏறியிருந்தது. அதைத் தட்டித் துடைத்தபோதுதான் பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டை அவர் பார்த்தார். அதில் இருந்த எண்களைக் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பால்துரையின் ரேடியோக் கடைக்கு நடந்தார்.

பால்துரை சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"நாலு ஓம்ஸ். கரண்டக் குடிக்கிற சாதி இது தண்டலய்யா. இதுக்கு ரிசீவர் மட்டும் காணாது. ரிசீவருங்கது மூள. டிவியில இருந்து வாற சத்தத்த வாங்கி, நீ முன்னால போ, நீ பின்னால போன்னு பிரிச்சு விடும். தள்ளிவிடத் தோள் வேணும்லா, அதுதான் ஆம்ப். ரிசீவர மட்டும் வச்சு இந்தப் பெட்டியள ஓட்டுனீயன்னா சூடேறி அதுவா அமந்திரும். ரெண்டையும் சேத்து வாங்கீருங்க."

"ரிசீவர் மட்டும் குடு."

"அப்ப ஆம்ப்?"

"வரும்."

"எங்கருந்து?"

"வரும்னேன்."

பால்துரை தானே வந்து மாட்டிக் கொடுத்தான். ரிசீவரோடு ஒரு சின்ன மைக் இருந்தது. அதை நாற்காலியில், உட்காருகிறவனின் காது இருக்கும் உயரத்தில் வைக்கவேண்டும். வைத்துவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் ரிசீவர் ஒவ்வொரு பெட்டிக்கும் விர்ரென்று ஒரு சத்தத்தை அனுப்பும், அது வந்து சேருவதை மைக் கேட்கும், எத்தனை பெட்டி, எந்தப் பெட்டி எத்தனை அடி தூரத்தில் என்று டிவியில் எழுதிக் காட்டும். அதுவரைக்கும் வீட்டில் யாரும் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கக்கூடாது.

மூச்சுவிடாமல் நின்றார்கள். முன்னால் இரண்டும் ஒன்பது அடி என்று காட்டியது. நடுப் பெட்டி எட்டு அடி. பின்னால் இரண்டும் ஆறடி. அதோடு நிற்கவில்லை. ஆறாவதாக ஒரு பெட்டி இருப்பதாகவும், அது நாற்காலிக்கு நேர் பின்னால் இருப்பதாகவும், அதன் தூரம் இருபது லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம் அடி என்றும் காட்டியது.

"அறுபது அடிக்கு மேல இது காட்டவே காட்டாதே" என்று பால்துரை ரிசீவரைத் திட்டினான். அணைத்துப் போட்டான். மறுபடியும் அதே ஆறு பெட்டி. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டபோது ஆறாவது பெட்டி இன்னும் ஆயிரம் அடி நெருங்கி வந்திருந்தது.

கயித்தான் பென்சிலை எடுத்துக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வகுத்தார். கடல் மைலுக்கு ஆறாயிரத்து எழுபத்தாறு அடி. வகுத்து முடித்துத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"முந்நூத்தி நாப்பத்தஞ்சு மைலு. மாலேக்கு ஒரு நாள் இந்தப் பக்கம்."

இஞ்ஞாசி அம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய் உலையில் ஒரு ஆழாக்கு அரிசி கூடுதலாகக் களைந்து போட்டாள்.

இப்படித்தான் நங்கூரத் தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் வாயை மூடிக்கொள்கிற வழக்கம் வந்தது. தண்டல் வீட்டு ரிசீவர் ஆறு மணிக்கு அளக்கும், அளக்கிற மூன்று நிமிசமும் தெரு அசையக்கூடாது என்று தெரிந்ததும், ஷேர் ஆட்டோக்காரர்கள் உப்புக் கிட்டங்கி வழியாகச் சுற்றிப் போனார்கள், கோவில் மணியைப் பங்குச் சாமியார் ஐந்து நிமிசம் தள்ளி அடிக்கச் சொன்னார், ஐஸ் கம்பெனியில் கட்டி உடைப்பதை நிறுத்தினார்கள், பால் குடிக்கிற பிள்ளைகளைத் தாய்மார் ஆறு மணிக்கென்று மாரில் போட்டுக்கொண்டார்கள், தினமும் அந்த நேரத்துக்குச் சண்டை போடுகிற ஒரு புருசனும் பெண்டாட்டியும் சண்டையின் நடுவில் அப்படியே வாயைப் பிளந்தபடி நின்று, மூன்று நிமிசம் கழித்து விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார்கள். மூன்று நிமிசம் முடிந்ததும் இஞ்ஞாசி அம்மாள் வாசலுக்கு வந்து தூரத்தைச் சொல்லுவாள். மீன்காரி சிலுவைக்கனி அதைக் கேட்டுக்கொண்டு போய் மறுநாள் காலையில் மார்க்கெட்டில் நெத்திலி விலையோடு சேர்த்துச் சொல்லுவாள்.

"ரொமால்டு நேத்து எட்டு மைலு வந்திருக்கான். நெத்திலி நேத்து வெலதான்."

ஒரு நாளைக்கு எட்டு மைல், சில நாள் ஆறு, ஒரு நாள் மினிக்காய்க்குக் கிழக்கே இரண்டு நாள் அப்படியே நின்றான். பெட்டி எப்படிக் கடலில் வரும் என்றோ, வருவது பெட்டியா பிள்ளையா என்றோ தெருவில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கேட்கிறவனுக்கு வேலை இல்லை என்று அர்த்தம். எத்தனை மைல், எந்தப் பக்கக் காற்று, கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவானா என்பதுதான் பேச்சு. இஞ்ஞாசி அம்மாளிடம் ஆண்டுத் திருப்பலிக்கு எந்தத் தேதி என்று கேட்க வந்த கோவில் பிள்ளை, வாசலில் நின்று தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"என்ன ஓட்டம்ங்க இது? தோணியில கெடச்ச காத்துக்கு இதுக்குள்ள வந்திருக்கணும்லா?" என்று இஞ்ஞாசி அம்மாள் கேட்டாள்.

"தோணி ஓட்டம் இல்ல. அங்கங்க நின்னு கேட்டுக்கேட்டு வாறான்."

"என்னத்தக் கேட்டு?"

கயித்தான் கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நாற்பத்தைந்தாம் நாள், தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்குக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவன் துறைமுகத்துக்குள் வந்துவிட்டான். மறுநாள் உப்பளம். அதற்கு மறுநாள் மூவாயிரம் அடி, அதாவது தெருமுனைக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம். அன்றைக்குத் தெருப் பெண்கள் அவரவர் வீட்டு வாசலைக் கழுவினார்கள். அடுத்த நாள் ஆறு மணிக்கு ரிசீவர் பதினேழு அடி என்று காட்டியது.

பால்துரை டேப்பை எடுத்து நாற்காலியிலிருந்து அளந்துகொண்டே போனான். பதினேழு அடி சரியாகத் தெருப் படியின் கீழ்க்கல்லில் முடிந்தது. அங்கே யாரும் இல்லை, மழைத் தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது.

"வா மக்கா" என்றாள் இஞ்ஞாசி அம்மாள், அந்தக் கல்லைப் பார்த்து.

மறுநாளும் பதினேழு அடி. அதற்கு மறுநாளும் பதினேழு அடி. கிறிஸ்துமஸ் வந்தது, போனது, அவனுக்கென்று எடுத்த சட்டை உறையோடு கொடியில் தொங்கியது, பதினேழு அடி. நின்றவன் நின்றபடியே இருந்தான்.

தெரு இதற்கும் பழகியது. தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "ஒதுங்குல ரொமால்டு, கால மிதிச்சிராம" என்று ஓரமாக ஏறிவந்தார். மழை பெய்தபோது சிலுவைக்கனி தன் மீன் கூடையின் மேலிருந்த பாலித்தீன் தாளைக் கொண்டுவந்து கீழ்க்கல்லுக்கு இரண்டு பக்கமும் கம்பு நட்டு அதன் மேல் கட்டினாள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், தெளிப்பதற்கு முன்னாலும் பதினேழு, பின்னாலும் பதினேழு. "நிக்கட்டும், வந்த பிள்ள வராமயா போயிருவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். காணாமல் போனவர்களின் பட்டியலைப் புதுப்பிக்க வந்த கிராம நிர்வாக அலுவலர், படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உயிரோட இருக்காருன்னு எழுதக் கட்டம் இருக்கு, இறந்துட்டாருன்னு எழுதக் கட்டம் இருக்கு, வாசல்ல நிக்காருன்னு எழுத எங்கிட்டக் கட்டம் இல்லம்மா" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

வெறுங்கையோடு வந்திருக்கிறான், அதுதான் ஏறமாட்டேன் என்கிறான் என்று கண்டுபிடித்தது சிலுவைக்கனி. உடனே அவளே ஒரு நல்ல சீலா மீனை வாழை இலையில் வைத்து அந்தக் கல்லில் வைத்தாள், கையில் எடுத்துக்கொண்டு ஏறட்டும் என்று. மீனைப் பூனை கொண்டுபோனது. மறுநாள் ஒரு பிடி உப்பு வைத்தார்கள். அதைச் சாய்ந்தடித்த மழை கொண்டுபோனது. பதினேழு அடி.

அதே தோணியில் இன்ஜின் டிரைவராகப் போன எட்வினின் மனைவி ஜாக்குலின் எதிர்வீட்டில் இருந்தாள். இத்தனை நாளும் அவள் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். அன்றைக்கு ஐந்தரை மணிக்கே வந்து கீழ்க்கல்லுக்கு முன்னால் நின்றாள்.

"ஒம்பது பேரு போனீயள்லால? எங்க வீட்டுக்காரர எங்க விட்டுட்டு வந்த? ஒனக்கு மட்டும் வழி தெரிஞ்சுதோ? அவருக்குச் சொல்லிக்குடுத்தா கொறஞ்சா போவ?"

கத்தினாள். யாரும் தடுக்கவில்லை. அவளை யார் தடுக்க முடியும்? கத்தி முடித்துத் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு அளந்தபோது பத்தொன்பது அடி காட்டியது.

இரண்டடி பின்னால் போய்விட்டான்.

இஞ்ஞாசி அம்மாள் வெளியே வந்து அதைச் சொன்னாள், குற்றம் சொல்லாமல், ஒவ்வொரு நாளும் சொல்கிற மாதிரியேதான். ஜாக்குலின் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்துபோய், ஆள் இல்லாத அந்த இடத்தின் பக்கத்தில் நின்று, "நான் வயித்தெரிச்சல்ல கத்திட்டேன். நீ என்ன செய்வ. போவாத, நில்லு" என்று மெதுவாகச் சொன்னாள். மறுநாள் பதினேழு.

அவனுக்குக் காது கேட்கிறது என்று அன்றைக்குத்தான் கயித்தானுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் தெருவில் ஆள் குறைந்த நேரம் பார்த்து அவர் வாசலுக்குப் போனார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு கீழ்க்கல்லைப் பார்த்தார்.

"ஏறு" என்றார்.

ஒரு காகம் வந்து உட்கார்ந்து பறந்தது.

"நான் சொன்னத விடு. ஏறுல."

ஆறு மணிக்குப் பதினேழு அடி. இஞ்ஞாசி அம்மாள் டிவியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சொன்னாச் சொன்னதுதான்னு இருவத்தேழு வருசமா வளத்தீய. இப்பப் போயி விடுன்னா எப்படி நம்புவான்? யாரோ ஒங்க கொரல்ல கூப்புடுதாவன்னு நெனச்சிருப்பான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

தை பிறந்ததும் ரிசீவர் கெட ஆரம்பித்தது. அளந்துகொண்டிருக்கும்போதே சூடேறி, சிவப்பு விளக்குக் காட்டி அணைந்துபோனது. ஒரு மணி நேரம் விசிறி வைத்து ஆற்றினால்தான் மறுபடி எழுந்தது. பால்துரை வந்து மூடியில் கைவைத்துப் பார்த்துக் கையை உதறினான்.

"நான் அன்னைக்கே சொன்னேன், நாலு ஓம்ஸ இது தாங்காதுன்னு. இன்னும் நாலு நாளோ அஞ்சு நாளோ, உள்ள எரிஞ்சிரும். அப்புறம் அவன் நிக்கானா போயிட்டானான்னு எத வச்சுக் கேப்பீய? ஆம்ப் போடுங்க தண்டலய்யா. இன்னும் வரும் வரும்னு இருக்காதீய."

அவன் போன பிறகு இஞ்ஞாசி அம்மாள் கணவனின் முன்னால் வந்து நின்றாள். வாழ்நாளில் அவள் அப்படி நின்றது இரண்டோ மூன்றோ தடவைதான்.

"வாங்கக்கூடாது. நீங்க ஆம்ப் வாங்கிட்டீயன்னா அவன் கொண்டுவாறதுக்கு என்ன இருக்கு? நமக்கு வேண்டாம் போலன்னு திரும்பிப் போயிருவான்."

"அவங்கிட்ட ஆம்ப் இல்ல."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருந்தா ஏறியிருப்பான்."

அவள் கொடியில் தொங்கிய சட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாக் கரையிலயும் கேட்டுப் பாத்துட்டான். கெடைக்கல. வெறுங்கையோட வந்து நிக்கான்" என்றார் கயித்தான். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. "முப்பது நாளா மழையில நிக்கான், இஞ்ஞாசி."

ஆம்ப் வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும் பாதித் தெரு கூடவே போனது. இந்த மூன்று மாதத்தில் நங்கூரத் தெருவில் ஓம்ஸ் தெரியாதவர், வாட்ஸ் தெரியாதவர் கிடையாது. வலை பின்னுகிறவர்கள் பின்னிக்கொண்டே ரிசீவரில் இருந்து ஆம்புக்கு வயர் எடுக்கிற வழியைப் பற்றிச் சண்டை போட்டார்கள். ஒரு பெட்டிக்கு நூறு வாட்ஸ் போதும் என்று ஒரு கட்சி, இருநூறுக்குக் குறைந்தால் பெட்டிக்கே அவமானம் என்று இன்னொரு கட்சி. சிலுவைக்கனி இரண்டாம் கட்சி.

பால்துரை மூன்று ஆம்ப்களை எடுத்து மேசையில் வைத்தான். முதலாவது டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது.

"இப்ப எல்லாரும் வாங்குறது இதுதான். ரெண்டு கிலோ. சூடு கெடையாது, எரைச்சல் கெடையாது, நாலு ஓம்ஸ நாய்க்குட்டி மாதிரி இழுத்துட்டுப் போவும். போட்டுக் காட்டட்டா?"

கயித்தான் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார்.

"கனம் பத்தாது."

இரண்டாவது, பால்துரை தன் கையாலேயே சேர்த்துக் கட்டியது. அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. சத்தம் இழையும், பேச்சு தெளிவாக விழும், விலையும் குறைத்துக்கொள்வதாகச் சொன்னான். கயித்தான் இரண்டு கையாலும் தூக்கினார். தூக்க முடிந்தது. வைத்துவிட்டார்.

"பத்தாது."

"சத்தம் பாத்து வாங்க வந்தாரா, மீனு நிறுத்து வாங்க வந்தாரா?" என்று சிலுவைக்கனி கேட்டாள். சிரிப்பு எழுந்து அடங்கியது. அவர் முகத்தைப் பார்த்து அடங்கியது.

மூன்றாவதை மேசைக்குக் கொண்டுவர இரண்டு ஆள் தேவைப்பட்டது. மூடிக்கிடக்கிற ஏதோ ஒரு தியேட்டரில் இருந்து வந்தது, உள்ளே அம்மிக்கல் அளவுக்கு டிரான்ஸ்பார்மர், இந்தப் பக்கம் ஒரு கைப்பிடி, அந்தப் பக்கம் ஒரு கைப்பிடி. ஆறு வருசமாக யாரும் விலை கேட்கவில்லை. கயித்தான் ஒரு கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அந்தப் பக்கம் மட்டும் அரையடி எழுந்தது, மற்றப் பக்கம் மேசையை விட்டு அசையவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எழுபது வயது.

"இது."

"ஒத்த ஆளு தூக்குற சாமான் இல்ல இது. வீட்டுல எப்படி வப்பீய? பாட்டு ஒண்ணாவது போட்டுக் கேளுங்க, தண்டலய்யா."

"இதுதான்."

குட்டி யானை வண்டியில் ஏற்றி அன்றைக்குச் சாயங்காலமே கொண்டுவந்தார்கள். கடை ஆட்கள் இறக்கி நேராக வீட்டுக்குள் கொண்டுபோகப் பார்த்தார்கள். கயித்தான் கையை நீட்டித் தடுத்தார். தெருவில், கீழ்க்கல்லுக்கு முன்னால் வைக்கச் சொன்னார். வைத்ததும், எல்லாரையும் விலகிப் போகச் சொன்னார். பால்துரை ஒரு கை பிடிக்கிறேன் என்று வந்தபோது, "போல" என்றார்.

பால்துரை போனான். அப்போதுதான் தெருவுக்கு விளங்கியது. ஆறு மணி ஆகவில்லை, இன்னும் கால் மணி நேரம் இருந்தது, ஆனாலும் தெரு அடங்கியது.

கயித்தான் படியில் ஏறி, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்க்கத் திரும்பி நின்றார். குனிந்து தன் பக்கத்துக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார். தூக்கினார். இந்தப் பக்கம் எழுந்தது, அந்தப் பக்கம் தரையில் இருந்தது. சாய்ந்தபடி அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. எதிரே யாரும் இல்லை, சிலுவைக்கனி கட்டிய பாலித்தீன் தாள் காற்றில் படபடத்தது.

"நீ கொண்டுவந்ததுதான்" என்றார். "பிடி."

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அவர் பிடியை விடவில்லை. ஜாக்குலின் தன் வாசலிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள், நின்றுகொண்டாள்.

பிறகு அந்தப் பக்கம் எழுந்தது. திடுக்கென்று இல்லை, பழகிய ஆள் தூக்குகிற மாதிரி, முதலில் கொஞ்சம் அசைத்து, பிடியைச் சரிபார்த்து, மெதுவாக எழுந்து இந்தப் பக்கத்துக்குச் சமமாக வந்து நின்றது. கயித்தானின் கையில் இருந்த கனம் பாதியாகக் குறைந்தது. மூட்டை பிடித்து மூட்டை பிடித்துக் கனத்தின் கணக்கு அறிந்த கைகள் அவை. பாதி என்றால் சரியாகப் பாதி.

அவர் பின்பக்கமாக அடி வைத்து நடந்தார். எதிர்ப்பக்கம் முன்னால் வந்தது. முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. வாசலில் அவர் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கினார், மறுபக்கத்துக் கைப்பிடியும் அதே அளவு ஒதுங்கிக் கதவு நிலையில் இடிக்காமல் உள்ளே வந்தது. மகனோடு சேர்ந்து ஒரு சாமானைத் தூக்கி அவருக்குப் பழக்கம் இல்லை. அவர் சொல்வார், அவன் தூக்குவான், அதுதான் வழக்கம். இப்போது முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு, முகம் இருக்கவேண்டிய இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், பதினேழு அடியையும் நடந்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, டிவிக்குக் கீழே கிடந்த தேக்குப் பலகையின் முன்னால் வந்து சேர்ந்தார்.

வந்து சேர்ந்து நின்றார். கீழே வைக்கவில்லை.

வாசலிலும் ஜன்னலிலும் தெரு முழுக்க நின்றது. மூன்று நிமிசம் ஆனது, அதற்கு மேலும் ஆனது, கோவில் மணி அடிக்கவே இல்லை. கயித்தானின் நெற்றியில் இருந்து வேர்வை வழிந்து கண்ணில் விழுந்தது, அவர் துடைக்கவில்லை, துடைக்கக் கை இல்லை. அந்தப் பக்கம் அசையாமல் இருந்தது.

"வைங்க" என்றாள் இஞ்ஞாசி அம்மாள்.

"இருக்கட்டும்."

"இடுப்பு போயிரும். வைங்க."

"கொஞ்சம் இருக்கட்டும்ங்கேன்லா."

அவள் பக்கத்தில் வந்தாள். கணவனைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்துக் கைப்பிடியைப் பார்த்தாள், அதற்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து பார்த்தாள், முந்தானையால் அந்த வெறும் காற்றில் ஒருமுறை துடைத்தாள்.

"அவனுக்குக் கை வலிக்கும்ங்க" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவர் குனிந்தார்.